ஒரே ராஜா, ரெண்டு சாசனம்



எல்லைத் தகராறைத் தீர்க்கிறது பேச்சுவார்த்தை இல்லை, கோர்ட்டுதான்னு எதிரணித் தலைவர் அடிச்சுப் பேசினாரு. அமெரிக்காவைப் பாருங்கன்னாரு. சரிங்க ஐயா, அமெரிக்காவுக்கே போவோம். டிக்கெட் செலவு உங்களோடது! (சிரிப்பு)

இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ், 1662-ல கனெக்டிகட் காலனிக்கு ஒரு சாசனம் கொடுத்தாரு. மேற்கு எல்லை எது? பசிபிக் கடல்! போய்ப் பார்த்தவன் யாரு? 1681-ல அதே ராஜா வில்லியம் பென்னுக்குப் பென்சில்வேனியாவை எழுதி வச்சாரு. பென்னோட அப்பாவுக்கு 16,000 பவுன் கடன் பாக்கி. பணத்துக்குப் பதிலா நிலம். சஸ்குவஹானா ஆத்தங்கரையில வயோமிங் பள்ளத்தாக்குன்னு நல்ல விளைச்சல் பூமி. இன்னைக்கு இருக்கிற வயோமிங் மாநிலம் இல்லைங்க, அது வேற. இந்தப் பள்ளத்தாக்கு ரெண்டு சாசனத்துக்குள்ளயும் வந்திருச்சு. அந்த மண்ணுல வாழ்ந்த பழங்குடி மக்களை எந்த ராஜாவும் கேக்கலை.

கனெக்டிகட்காரங்க வந்து காடு திருத்தி விதைச்சாங்க. பென்சில்வேனியாக்காரங்க விரட்டினாங்க. 1769-லேர்ந்து துப்பாக்கிச் சண்டை, கோட்டை முற்றுகை எல்லாம் நடந்துச்சு.

1782-ல டிரென்டன் நகரத்துல கோர்ட்டு கூடுச்சு. ரெண்டு மாநிலமும் சம்மதிச்சுத் தேர்ந்தெடுத்த நீதிபதிகள். அஞ்சு பேர் உட்கார்ந்து கேட்டாங்க. டிசம்பர் 30-ஆம் தேதி ஒருமனதாத் தீர்ப்பு: நிலம் பென்சில்வேனியாவுக்கே. காரணம்? ஒரு வரிகூடச் சொல்லலை! கனெக்டிகட் அரசாங்கம் அதை ஏத்துக்கிட்டது. பெருந்தன்மைதான், நான் மறுக்கலை. எதிரணி இத்தோட கதையை முடிச்சிட்டாங்க. ஆனா நடுவர் அவர்களே, கதையே இனிமேதான் இருக்கு!

கோர்ட்டு சொன்னது எந்த அரசாங்கத்தோட ஆட்சி அங்கே செல்லும்ங்கிறதைத்தான். உழுதவனோட காணி யாருக்குன்னு சொல்லலை. அது தனி வழக்கு, கலந்துடாதீங்கன்னு நீதிபதிகளே பென்சில்வேனியாவுக்குக் கடிதம் எழுதினாங்க. யார் கேட்டா? 1784 மே மாசம் சிப்பாய்ங்க வந்து குடும்பங்களை வெளியே தள்ளினாங்க. கைப்பிள்ளையோட தாய்மாருங்க காட்டுவழியா நடந்தாங்க. ராஜா செஞ்ச தப்புக்கு இந்தப் பிள்ளைகளுக்கு எதுக்குய்யா தண்டனை? (கைதட்டல்)

திரும்பி வந்தாங்க. மறுபடி சண்டை. 1787-ல அவங்க காணியை உறுதிப்படுத்தி ஒரு சட்டம்; 1790-ல அதே சபை அதை ரத்து பண்ணிட்டது. கடைசியில 1799-ல ஒரு சமரசச் சட்டம் வந்துச்சு. பேரே சமரசம், கவனிச்சுக்கோங்க! தீர்ப்புக்கு முன்னாலேயே குடியேறினவங்க நிலத்தைத் தரம் பிரிச்சு, முதல் தரத்துக்கு ஏக்கருக்கு 2 டாலர், கடைசித் தரத்துக்கு எட்டு சென்ட் சொச்சம் கட்டினா நிலம் அவங்களுக்கே. பென்சில்வேனியாகிட்ட அதே நிலத்தை வாங்கியிருந்தவங்களுக்கு அரசாங்கமே ஈடு கொடுத்துச்சு.

தீர்ப்புக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவுல 16 வருஷத்துக்கு மேல, எதிரணி நண்பர்களே! நடுவர் மணியில கை வச்சிட்டாங்க.