வள மோதல் (கணினி வன்பொருள்)

ஒரே கணினியில் செருகிய இரண்டு விரிவாக்க அட்டைகள் ஒரே குறுக்கீட்டுத் தடத்தையோ (ஐஆர்க்யூ), உள்ளீடு-வெளியீடு முகவரியையோ, டிஎம்ஏ தடத்தையோ கேட்பதால் எழும் கோளாறு. ஐஎஸ்ஏ என்னும் விரிவாக்க முறையின் அட்டைகள் புழங்கிய 1980கள், 1990களின் ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவலாகக் காணப்பட்டது.

காரணம்: 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் குறுக்கீட்டுத் தடங்கள் 8 மட்டுமே. 1984இன் ஏடி கணினியில் இரண்டாவது கட்டுப்பாட்டுச் சில்லு சேர்ந்து அவை 16 ஆயின. இரு சில்லுகளையும் இணைக்கவே ஒன்று செலவானது. கடிகாரம், விசைப்பலகை, வட்டு இயக்கிகள் சிலவற்றை முன்பே பிடித்திருந்தன. ஐஎஸ்ஏ அட்டைகளால் ஒரு தடத்தைப் பொதுவாகப் பகிர்ந்துகொள்ள முடியாது.

அறிகுறி: காம்1 என்னும் தொடர் துறையில் மவுஸும் காம்3இல் மோடமும் இருந்தால் இரண்டும் வழக்கமாக ஐஆர்க்யூ 4ஐயே நாடும், மோடம் வேலையைத் தொடங்கியதும் மவுஸ் நின்றுவிடும்.

தீர்வு: அட்டைகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து மோதும் அட்டையைக் கண்டறிவர். பின் அதன் ஜம்பரை (அட்டையிலுள்ள சிறு இணைப்பானை) வேறு எண்ணுக்கு மாற்றுவர். சவுண்ட் பிளாஸ்டர் அட்டை ஐஆர்க்யூ 7இல் அச்சுப்பொறித் துறையுடன் மோதினால் 5க்கு மாற்றுவது வழக்கம். டாஸின் ‘பிளாஸ்டர்’ சூழல் மாறியிலும் அதே எண்ணை எழுதவேண்டும். பயன்படாத துறையை பயாஸில் முடக்கினாலும் ஒரு தடம் மிஞ்சும். விண்டோஸ் 95 மோதும் சாதனத்தை மஞ்சள் வியப்புக்குறியால் காட்டியது.

தடங்களைப் பகிர அனுமதித்த பிசிஐ முறையும், வளங்களைத் தானாக ஒதுக்கும் ‘பிளக் அண்ட் பிளே’யும் பரவியபின் இச்சிக்கல் பெரிதும் மறைந்தது.