புகைமூட்டம்: ஐபியு நிறங்கள் சொல்வது என்ன?

2013 ஜூன் 23. ஜோகூர், மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 ஆனது. மூவார், லெடாங் இரண்டிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய எண்ணைக் கண்டால் யாரும் வெளியே போக யோசிப்பார்கள். ஆனால் 130 என்று வந்தால்? பால்வெட்டுக்கும் குலை அறுக்கவும் போகலாமா, பிள்ளையைத் திடலுக்கு அனுப்பலாமா என்ற குழப்பம் அப்போதுதான் வருகிறது.

ஐபியு எனப்படும் இந்தக் குறியீட்டைச் சுற்றுச்சூழல் துறை மணிக்கொரு முறை வெளியிடுகிறது. அதன் படிகள் ஐந்து:

• 0–50: நீலம், 'பாயிக்' (நன்று)
• 51–100: பச்சை, 'செடெர்ஹானா' (மிதம்)
• 101–200: மஞ்சள், 'தீடாக் சீஹாட்' (உடல்நலத்துக்குக் கேடு)
• 201–300: ஆரஞ்சு, 'சங்காட் தீடாக் சீஹாட்' (மிகவும் கேடு)
• 300க்கு மேல்: சிவப்பு, 'பெர்பஹாயா' (ஆபத்து)

மஞ்சளைப் பார்த்து 'இன்னும் சிவப்பு வரவில்லையே' என்று இருந்துவிடக் கூடாது. மஞ்சளே கேடுதான். கைப்பேசிச் செயலிகள் பலவும் அமெரிக்க அளவுகோலைப் பின்பற்றுகின்றன. அதில் 51–100 மஞ்சள், 151–200 சிவப்பு. ஒரே நாளில் ஒரே ஊருக்கு இரண்டு நிறம் தெரிவது இதனால்தான். பள்ளிக்கும் வேலையிடத்துக்கும் தகவல் சொல்லும்போது சுற்றுச்சூழல் துறையின் எண்ணையே எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த எண்ணுக்கும் எல்லை உண்டு. 2018 முதல் இதில் சேர்க்கப்பட்டுள்ள பிஎம் 2.5 நுண்துகள் அளவு, 24 மணி நேரச் சராசரியாகக் கணக்கிடப்படுகிறது. காலையில் திடீரெனப் புகை சூழ்ந்தால் எண் உடனே ஏறாது. நிலையமும் பெரும்பாலும் பட்டணத்தில்தான். தோட்டம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பக்கத்துக் குன்று மங்கலாகி, புகை வாடை அடித்தால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், 200ஐ எட்டினால் பள்ளியை மூட வேண்டும் என்பது கல்வி அமைச்சின் வழிகாட்டி. எண்ணோடு செய்ய வேண்டியதும் சேர்ந்திருப்பதால் தலைமையாசிரியருக்குக் குழப்பமில்லை. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போகும் தகவலும் அப்படி இருந்தால்தான் பயன்.

பெற்றோர் சங்கமோ ஆலய நிர்வாகமோ வாட்ஸ்அப்பில் வெறும் எண்ணை அனுப்புவதைவிட, நிலையத்தின் பெயர், நேரம், நிறம், செய்ய வேண்டியது ஆகிய நான்கையும் தமிழில் எழுதலாம். உதாரணம்: "மூவார், காலை 7 மணி, 130, மஞ்சள். ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதியோர், குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கவும். வெளி வேலைக்குப் போவோர் என்95 முகக்கவரி அணியவும். மூச்சுத் திணறினால் உடனே கிளினிக் செல்லவும்."

துணி முகக்கவரி நுண்துகளைச் சரிவரத் தடுக்காது. என்95 கூட முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தினால்தான் பலன் தரும். இதையும் அந்தத் தகவலில் ஒரு வரி சேர்க்கலாம்.