நகரி வட்டார நெடுஞ்சாலைகளும் கணினிவழிச் சூழல் ஆய்வும்

நகரி, ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர்–திருப்பதி வட்டாரத்தில், தமிழக எல்லையை ஒட்டிய விசைத்தறி நகரம். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் ஊர். சென்னை–திருப்பதி சாலை இவ்வழியே செல்கிறது. சுமார் 116 கி.மீ. நீளமுள்ள சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலையும் இவ்வட்டாரத்து வயல்கள் ஊடே திட்டமிடப்பட்டது.

புதிய தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2006 செப்டம்பர் 14ஆம் தேதி அறிவிக்கையின்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். 2018 ஆகஸ்டில் தொடங்கிய, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளம் வந்தபின் விண்ணப்பம் முழுவதும் கணினிக்கு மாறியது. சாலை செல்லும் தடத்தை ‘கே.எம்.எல்.’ எனும் வரைபடக் கோப்பாக ஏற்ற வேண்டும். காடும் சரணாலயமும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதை வரைபட அடுக்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். செம்மரக் காடுகள் உள்ள இப்பகுதிக்கு இது பெரிய உதவி. வாகனப் புகை பரவுவதைக் கணிக்க ‘கேலைன்-4’ போன்ற மென்பொருள்கள் உள்ளன.

ஆனால் இங்கே உயிர்நாடி ஏரிகளும் அவற்றின் வரத்துக் கால்வாய்களும்தான். கருவிகள் தடுமாறுவதும் அங்கேதான். நீரோட்டத்தைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் இலவச உயர மாதிரிகளில் ஒரு கட்டம் 30 மீட்டர் அகலம். இரண்டு மூன்று மீட்டர் அகலமுள்ள கால்வாய் அதற்குள் கரைந்துவிடும். மேகமற்ற தெளிவான செயற்கைக்கோள் படம் பெரும்பாலும் கோடையில் கிடைக்கும். அப்போது ஏரி வறண்டு, கால்வாய் முள்ளடர்ந்து கிடக்கும்; படத்தில் அது தரிசுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே இடத்தில் தண்ணீர் சீறும். மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களை மழைக்காலத்தில் எடுத்துச் சேர்த்தால் ஏரியின் நீர்ப்பரப்பாவது தெரியும். கால்வாயைக் காண ஊராட்சிக்காரரோடு நடந்துதான் பார்க்க வேண்டும். அது விடுபட்டால் சாலை மேட்டின் அடியில் சிறுபாலம் வராது; கீழே உள்ள ஏரிக்குத் தண்ணீரும் வராது.

பாதிப்பு மாநில எல்லையோடு நிற்பதில்லை. நகரி ஆறு கொசஸ்தலையில் சேர்ந்து, சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. மேலே ஆந்திரத்தில் உள்ள கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் தமிழகத்தின் பள்ளிப்பட்டில் வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். ஆகவே நீரியல் ஆய்வை மாவட்ட வரைபடத்தோடு நிறுத்துவது தவறு.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன் அறிக்கையின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும், மாநில ஆட்சிமொழியிலோ வட்டார மொழியிலோ தர வேண்டும் என்பது விதி. நகரியைப் போன்ற ஊரில் தெலுங்கோடு தமிழிலும் தருவதே நியாயம். சாலைத் தடத்தின் கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால், கைபேசியில் திறந்து தன் கிணறு எந்தப் பக்கம் விழுகிறது என்று விவசாயியே பார்த்துக்கொள்வார். அச்சிட்ட சிறு வரைபடத்தில் அவருக்குத் தெரிவது ஒரு கோடு மட்டுமே.

அனுமதிக்குப் பிந்தைய கண்காணிப்பு இன்னும் பலவீனம். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021 முதல் பணிகளை மாதந்தோறும் டிரோனில் படமெடுத்துத் தன் தரவுத் தளத்தில் சேர்க்கச் சொல்கிறது. நோக்கம் கட்டுமான முன்னேற்றம். அனுமதி நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றிய அரையாண்டு அறிக்கை தனியே போகிறது, அது பொது ஆவணம். அதனோடு டிரோன் படங்களையும் வெளியிட்டால், சொன்ன இடத்தில் சிறுபாலம் கட்டியிருக்கிறார்களா என்று ஆயக்கட்டுக்காரர்களே சரிபார்த்து, மழைக்கு முன் முறையிடலாம்.