வீட்டாரின் சொல்லும் ஒருவரின் வேலையும்: விதி 5(2)-இன் முன்கதை

மகன் முகநூலில் எதையோ எழுதுகிறான். விளக்கம் கோரும் குறிப்பாணை தந்தையின் மேசைக்கு வருகிறது. தங்கை பகிர்ந்த ஒரு காணொளிக்காக அண்ணனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகிறது. இவ்வகைச் செய்திகளைச் சமூக ஊடகம் கொண்டுவந்த புதிய நோயாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நோய் பழையது. தில்லியிலிருந்து பிறப்பிக்கப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ள ஒரு விதியிலேயே அதன் தடம் அழியாமல் கிடக்கிறது.

மத்தியக் குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகள் 1964-இல் அறிவிக்கப்பட்டவை. அவற்றின் ஐந்தாம் விதி, அரசு ஊழியர் அரசியல் கட்சியில் உறுப்பினராக இருத்தல் கூடாது என்று சொல்வதற்காகப் பரவலாக அறியப்பட்டது. அதன் இரண்டாம் உட்பிரிவை அவ்வளவாக யாரும் படிப்பதில்லை. சட்டப்படி நிறுவப்பட்ட அரசைக் கவிழ்க்க முனையும் இயக்கத்திலோ செயலிலோ தம் குடும்பத்தார் பங்கேற்பதையும், அதற்குப் பொருளுதவி செய்வதையும், வேறு வகையில் துணைபோவதையும் தடுக்க முயல்வது ஒவ்வோர் அரசு ஊழியரின் கடமை என்கிறது அது. தடுக்க இயலாவிட்டால் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சேர்க்கிறது. அதாவது, வீட்டில் ஒருவர் ஒன்றைச் செய்தால், வேலையில் இருப்பவருக்கு இரண்டே வழிகள்: தடுக்கலாம், அல்லது காட்டிக்கொடுக்கலாம். இரண்டும் செய்யாமல் உடன் வாழ்ந்துகொண்டிருப்பது நடத்தைக் குறைவு ஆகிவிடும்.

இவ்விதி சுதந்திர இந்தியாவின் கண்டுபிடிப்பன்று. ஆங்கிலேயர் காலத்து அரசு ஊழியர் நடத்தை விதிகளில் இதன் மூத்த வடிவம் இருக்கிறது. தம்மைச் சார்ந்து வாழ்வோரையோ தம் கட்டுப்பாட்டில் இருப்போரையோ அரசுக்கு எதிரான இயக்கத்தில் பங்கேற்க ஊழியர் ‘அனுமதிக்கக்’ கூடாது என்பது அதன் வாசகம். இத்துடன் நின்றிருந்தால் அது ஒரு சாதாரணத் தடை. ஆனால் கீழே ஒரு விளக்கக் குறிப்புச் சேர்க்கப்பட்டது: இயன்ற முன்னெச்சரிக்கைகள் அனைத்தையும் ஊழியர் எடுக்கவில்லை என்றால், அல்லது தெரிந்தும் ஐயுற்றும் மேலதிகாரிக்கு உடனே அறிவிக்கவில்லை என்றால், அவர் அனுமதித்ததாகவே கொள்ளப்படும். வீட்டுப் பெண்களும் மாணவர்களும் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்த காலத்தில் இத்தகைய வாசகம் யாரை நோக்கியது என்பதை விளக்கத் தேவையில்லை. மறியலுக்குப் போன மனைவிக்குச் சம்பளம் இல்லை. அவரிடமிருந்து பறிப்பதற்கு வேலையும் இல்லை. கணவருக்கு இரண்டும் இருந்தன.

மொழியியல் நோக்கில் அந்த விளக்கக் குறிப்பு சுவையானது. ஆங்கிலத்தில் அனுமதித்தலுக்கான வினை, அனுமதிப்பவரிடம் ஓர் அதிகாரத்தையும் ஒரு செயலையும் எதிர்பார்க்கிறது. செயலே இல்லாத இடத்தில் அவ்வினையைப் பொருத்தச் சட்டத்துக்கு ஒரு புனைவு தேவைப்பட்டது. ‘கொள்ளப்படும்’ என்பது அப்புனைவின் கையெழுத்து. தமிழில் இவ்வளவு பாடு வேண்டியதில்லை. ‘எழுத விட்டான்’ என்றால் எழுத இசைவு தந்தான் என்றும் பொருள், எழுதுவதைத் தடுக்காமல் இருந்தான் என்றும் பொருள். நம் துணைவினையில் இயல்பாகவே கலந்திருக்கும் இவ்விரு பொருள்களையும் காலனியச் சட்டம் வலிந்து ஒட்டவைத்தது. ‘அவளை எழுத விட்டுவிட்டு இப்போது வருந்துகிறாயே’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதற்கும் துறை விசாரணை அதிகாரி கேட்பதற்கும் சொல்லளவில் வேறுபாடு இல்லாமல் போவது இதனால்தான். வேறுபாடு விளைவில் மட்டும் இருக்கிறது.

தில்லியின் 1964 விதிகளில் அவ்வாசகம் சற்றே மென்மையான வடிவில் இருக்கிறது: ‘அனுமதிக்கலாகாது’ என்பது ‘தடுக்க முயல வேண்டும்’ என்றாயிற்று. அதே 1964-இல் பாகிஸ்தான் வெளியிட்ட அரசு ஊழியர் நடத்தை விதிகள் பழைய ‘அனுமதி’ வாசகத்தையே வைத்துக்கொண்டன. பிரிவினையில் நாற்காலி, மேசை, தட்டச்சுப் பொறி வரை பங்கு போட்ட இரு அரசுகள், வீட்டாருக்காக ஊழியரைப் பொறுப்பாக்கும் எண்ணத்தை மட்டும் பங்கு போடாமல் ஆளுக்கு முழுதாக எடுத்துக்கொண்டன.

விதி எழுதப்படுவதற்கு முன்பும் இவ்வெண்ணம் தில்லியில் உயிரோடு இருந்தது. 1857 அதற்கு மிகக் கொடிய சான்று. தில்லி உருது அக்பார் என்ற வார இதழை நடத்தியவர் மௌல்வி முகம்மது பாகர். வட இந்தியாவின் முதல் உருது இதழ்களுள் ஒன்று அது. அவர் மகன் முகம்மது உசைன், ஆசாத் என்ற புனைபெயரில் பின்னாளில் உருது இலக்கிய வரலாற்றின் பெரும்பெயர்களுள் ஒன்றாக நின்றவர். அப்போது அவர் தில்லிக் கல்லூரியில் படித்து முடித்த இளைஞர். மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் நகரைக் கைப்பற்றிய இரு வாரத்துக்குள், மே 24 இதழில், ஆங்கிலேயரின் வீழ்ச்சியைப் பாடும் மகனின் கவிதை தந்தையின் இதழில் வெளியாயிற்று. செப்டம்பரில் நகரம் மீண்டும் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்ததும் பாகர் கொல்லப்பட்டார்.

இங்கே அவசரப்பட்டு மகனின் கவிதைக்காகத் தந்தை மாண்டார் என்று எழுதிவிடக் கூடாது. பாகர் மீது வேறொரு பழியும் இருந்தது. கல்லூரி முதல்வர் பிரான்சிஸ் டெய்லர் கலவரத்தில் அவர் வீட்டில் தஞ்சம் புகுந்தார். அங்கிருந்து மாறுவேடத்தில் வெளியேறிய பின் கூட்டத்தின் கையில் இறந்தார். அச்சாவுக்கு ஆங்கிலேயர் பாகரைப் பொறுப்பாக்கினர். எந்தப் பழி எவ்வளவு எடையுடன் நின்றது என்று பிரித்துப் பார்க்கும் மனநிலை அந்தச் செப்டம்பரில் யாருக்கும் இல்லை. ஆனால் விளைவு எவ்வாறு பங்கிடப்பட்டது என்பது தெளிவு. நகரில் அகப்பட்டவர் தந்தை, உயிர் போயிற்று. மகன் குடும்பத்தோடு வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டார். தம் ஆசான் ஸவ்க்கின் கஜல் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறியதை அவரே 1880-இல் வெளியான ‘ஆபே ஹயாத்’தில் நினைவுகூர்கிறார். பல ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு அவருக்கு வேலை கிடைத்தது லாகூரில், அதுவும் ஆங்கில அரசின் கல்வித் துறையில். கவிதை எழுதிய கைக்குச் சம்பளம் கொடுத்தது அக்கவிதை வீழ்த்த விரும்பிய அரசு. பொறுப்பு என்ற சொல்லை இந்த வரலாற்றில் எங்கே வைப்பது? செய்தவர் யார் என்பதைவிடக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர் யார் என்பதே முடிவைத் தீர்மானித்தது.

குடும்பங்களும் இதை விரைவில் கற்றுக்கொண்டன. 1909 ஜூலையில் லண்டனில் மதன்லால் திங்ரா, கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். வைலி அக்குடும்பத்துக்கு அறிமுகமானவர். திங்ராவின் தந்தை தித்தா மல் அமிர்தசரசில் சிவில் சர்ஜனாக இருந்தவர். அரச விசுவாசத்தால் உயர்ந்த குடும்பம். அவர் மகனை வெளிப்படையாகக் கைவிட்டார். உடன்பிறந்தோரும் விலகி நின்றனர். கொலையும் கவிதையும் ஒன்றல்ல. முகநூல் பதிவும் கொலையும் ஒன்றல்லவே அல்ல. இங்குக் கவனிக்க வேண்டியது குடும்பத்தின் பதில்வினை. இன்றும் நாளிதழ்களின் சிறு விளம்பரப் பகுதியில் ‘இவருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை’ என்று வரும் அறிவிப்பு இதே மரபைச் சேர்ந்தது. சொல்வதாலேயே செயலாகிவிடும் கூற்று அது: அச்சேறிய கணத்தில் உறவு அறுந்ததாகிவிடுகிறது. அறுத்துக் காட்டு, வேலை தப்பும் என்பது பேச்சில் வராத ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தை வெளிப்படையாக முன்வைத்துத் தோற்ற ஓர் அரசும் உண்டு. 1953-இல், மெக்கார்த்தி காலத்து அமெரிக்காவில், மைலோ ரடுலோவிச் என்ற இருபத்தாறு வயது விமானப்படை ரிசர்வ் அதிகாரியைப் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று பணியிலிருந்து நீக்க முற்பட்டனர். அவருடைய விசுவாசத்தில் ஐயமில்லை என்று விமானப்படையே ஒப்புக்கொண்டது. குற்றம் நெருங்கிய தொடர்பு, யாரோடு? தந்தையோடும் தங்கையோடும். சுரங்கங்களிலும் கார்த் தொழிற்சாலைகளிலும் உழைத்து வாழ்ந்த செர்பியக் குடியேறியான தந்தை, கம்யூனிச ஆதரவு என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு செர்பிய மொழிப் பத்திரிகையைப் படித்தார். தாய்மொழியில் ஊர்ச் செய்தி படிப்பதற்காக ஒரு முதியவர் வாங்கிய தாள் மகனின் பதவியைக் கேட்டது; இன்றைய சொல்லில் சொன்னால், அவர் ஒரு பக்கத்தைப் ‘பின்தொடர்ந்தார்’, அவ்வளவே. தங்கையோ தன் அரசியல் தன் சொந்த விஷயம் என்றார். குடும்பத்தைத் துறந்தால் போதும் என்ற நிலையில் ரடுலோவிச் மறுத்தார். அக்டோபர் 20 அன்று எட்வர்ட் மர்ரோவின் தொலைக்காட்சி நிகழ்ச்சி இதை நாடறியச் செய்தது. நவம்பரில் விமானப்படைச் செயலர் முடிவைத் திரும்பப் பெற்றார்.

இவ்வழக்கில் தங்கையின் நிலை பலரால் கவனிக்கப்படாதது. அண்ணன் வேலை போகும் என்பதற்காக அவர் வாய்மூடியிருக்க வேண்டுமா? உறவுக்குள் அப்படி ஒரு கடமை உண்டு என்று வாதிடலாம்; வீட்டுக்குள் அதைப் பேசித் தீர்க்கலாம், கோபித்தும் கொள்ளலாம். தன் சொல் உண்மையா, நேர்மையானதா, யாரையும் வதைப்பதா என்பதற்குத் தங்கை பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் பணிநீக்க ஆணையில் கையெழுத்திட்டவர் அவர் அல்லர். ‘உன்னால் அவன் வேலை போயிற்று’ என்ற அன்றாட வாக்கியத்தில் ‘உன்னால்’ எழுவாயின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வேலையைப் பறித்தவர் வாக்கியத்திலேயே இல்லை. ‘போயிற்று’ என்ற தன்வினை செய்யும் மறைப்பு இது. ‘பறித்தார்கள்’ என்று எழுதிப் பார்த்தால் உடனே ஓர் எழுவாய் தேவைப்படும்.

சமூக ஊடகக் காலத்து இந்தியாவில் அந்த எழுவாய் எப்போதும் அரசாக இருப்பதில்லை. 2012 நவம்பரில், பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதைக் கேள்வி கேட்டு மகாராஷ்டிரத்தின் பால்கரில் ஓர் இளம்பெண் முகநூலில் எழுதினார். தோழி ஒருவர் அதற்கு விருப்பம் தெரிவித்தார். இருவரும் கைதாயினர். கும்பல் அடித்து நொறுக்கியது எழுதியவரின் மாமாவான மருத்துவரின் மருத்துவமனையை. அதன் தொடர்ச்சியாகத் தில்லியில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற ஸ்ரேயா சிங்கால் வழக்கு, 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை வீழ்த்தியது. பேச்சுரிமை வரலாற்றில் அது பெரிய தீர்ப்பு. ஆயினும் அது காத்தது பேசியவரை. பேசாத மாமாவின் பிழைப்பு அவ்வழக்கின் வினாவாகவே இருக்கவில்லை. அரசமைப்பின் பேச்சுரிமை விதி, பேசியவரைச் சுற்றி வரையப்பட்ட வட்டம். உறவினர் அதற்கு வெளியே நிற்கிறார்.

தனியார் நிறுவனங்கள் விதிகூட இல்லாமல் இதையே செய்கின்றன. 2020 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்ஸி கால்பந்துக் குழு, செர்பிய வீரர் அலெக்சாண்டர் கட்டாயுடன் பிரிந்தது. அவர் மனைவி இன்ஸ்டகிராமில் இட்ட இனவெறிப் பதிவுகளே காரணம். வீரர் அப்பதிவுகளைக் கண்டித்து மன்னிப்பும் கேட்டிருந்தார். பதிவுகள் அருவருப்பானவை, அதில் ஐயமில்லை. கடினமான சோதனை அதனால்தான் இங்கே இருக்கிறது. ரடுலோவிச்சின் தந்தைமேல் இரக்கம் கொள்வது எளிது. பதிவு வெறுக்கத்தக்கதாக இருக்கும்போதும், எழுதாதவரின் வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்க முடிகிறதா என்பதே கேள்வி. ‘இருவரின் ஒப்புதலுடன் பிரிகிறோம்’ என்ற குழுவின் சொற்றொடர் அதற்கு விடை தரவில்லை.

அரசின் பக்கம் வட்டம் விரிந்துகொண்டே போகிறது. 1964 விதிகள் ‘குடும்பத்தார்’ என்பதற்கு வரையறை தருகின்றன: வாழ்க்கைத் துணை ஒருபுறம், மற்றபடி பிள்ளைகளாயினும் பிற உறவினராயினும் முழுவதும் ஊழியரைச் சார்ந்து வாழ்பவர்கள் மட்டுமே. பெங்களூரில் தன் சம்பளத்தில் வாழும் தங்கையோ, தனிக்குடித்தனம் போய்விட்ட மகனோ இதில் வரமாட்டார்கள். மேலும் விதி பேசுவது அரசைக் கவிழ்க்கும் செயலைப் பற்றி. அமைச்சரைக் கேலி செய்யும் பதிவைப் பற்றியன்று. அரசை விமர்சிப்பதைத் தடுக்கும் ஒன்பதாம் விதி ஊழியரின் சொந்தக் கூற்றை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. ஆக, எழுத்தின்படி பார்த்தால் உறவினர் பதிவுக்காக வரும் குறிப்பாணைகளுள் பெரும்பாலானவை நிற்க முடியாதவை. ஆனால் ஜம்மு காஷ்மீர் நிர்வாகம் 2021 செப்டம்பரில் வெளியிட்ட முன்வரலாற்றுச் சரிபார்ப்பு அறிவுறுத்தல்கள், நெருங்கிய குடும்பத்தாரோடு நிற்காமல், ஒரே வீட்டில் வசிப்போர், பாசத்தாலோ செல்வாக்காலோ கடப்பாட்டாலோ ஊழியர் கட்டுண்டிருப்போர் வரை நீண்டன. பொருளாதாரச் சார்பு என்ற பழைய அளவுகோலின் இடத்தில் பாசம் வந்து அமர்ந்தது. அங்கே நடப்பது ஆயுதப் போராட்டச் சூழல் என்ற வாதம் உண்டு. அதற்கு எடையும் உண்டு. ஆனால் பாசத்தை அளக்கும் அதிகாரி எந்தச் சூழலிலும் அச்சம் தருபவரே.

உச்ச நீதிமன்றம் இத்திசையில் ஒரு முறை தெளிவாகப் பேசியிருக்கிறது. 1983-இல் ராமசங்கர் ரகுவன்ஷி வழக்கில், கடந்தகால அரசியல் ஈடுபாடு பற்றிய காவல்துறை அறிக்கையைக் கொண்டு ஓர் ஆசிரியரைப் பணிநீக்கம் செய்த மத்தியப் பிரதேச அரசின் செயலை நீதிபதி சின்னப்ப ரெட்டி கடுமையாகச் சாடினார். சொந்த அரசியலுக்கே வேலையை இழக்கத் தேவையில்லை என்றால், பிறர் அரசியலுக்கு எப்படி என்று அத்தீர்ப்பிலிருந்து ஒரு வாதத்தை வளர்த்தெடுக்க முடியும்.

அவ்வாதத்துக்கு எதிரே நிற்பது ஐந்தாம் விதியின் மூன்றாம் உட்பிரிவு. ஒரு செயல் இரண்டாம் உட்பிரிவின் கீழ் வருமா என்ற ஐயம் எழுந்தால் அரசின் முடிவே இறுதி என்கிறது அது. 2014 நவம்பரில் இந்நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. அரசியல் நடுநிலைமை, நேர்மை, மக்களிடம் கனிவு எனப் பல நற்பண்புகள் மூன்றாம் விதியில் புதிதாகச் சேர்ந்தன. ஐந்தாம் விதியின் இவ்விரு உட்பிரிவுகளையும் யாரும் தொடவில்லை.