குழந்தையைத் தூங்கவைப்பது யார்?

தாயின் கையும் தூளியின் ஆட்டமும் இன்றிக் குழந்தை தானே உறங்கக் கற்றுக்கொள்ளவேண்டும் என்னும் கொள்கை, பினாங்கு நகரத்துப் படித்த இல்லங்களில் இப்பொழுது பரவிவருகிறது. பாட்டிமார் அதனைக் கல்நெஞ்சம் என்கின்றனர். இளம் பெற்றோரோ விஞ்ஞானம் என்கின்றனர். இவ்விரு கூற்றுக்குள்ளும் அடங்காத வரலாறு ஒன்று உண்டு. தோட்டத்துக் கிராணியாகிய நமக்கு அது சற்று நெருங்கிய வரலாறுமாகும்.

நம் முன்னோர் குழந்தையைத் தூங்கவைப்பதை ஒரு கலையாகவே வளர்த்தனர். தால் என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவது தாலாட்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் மூன்றாவது தாலப் பருவம். ஆனால் புலவர்கள் அதனை யாருக்குப் பாடினார்கள்? கடவுளர்க்கும் அரசர்க்கும் பாடினார்கள். பெரியாழ்வார் கண்ணனுக்குக் காட்டுவது மாணிக்கமும் வயிரமும் இழைத்த பொற்றொட்டில். பாடுகின்ற தாய் மறுநாள் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடவேண்டியவள் என்ற கவலை அப்புலவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அது அவர்கள் குற்றமன்று. அவர்கள் கண்ட தாய் வேறு.

தானே உறங்கும் கொள்கை நூலேறியது மேனாட்டில். 1894-இல் நியூயார்க்கு மருத்துவர் எம்மெட் ஹோல்ட் வினாவிடை வடிவில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். குழந்தையை ஆட்டித் தூங்கவைப்பது வேண்டாத பழக்கம் என்றும், பழக்கத்தால் அழும் குழந்தையை அழுது ஓய விடலாம் என்றும் அந்நூல் கூறியது. அது தாய்மார்க்கு மட்டும் எழுதப்பட்டதன்று. கூலிக்குப் பிள்ளை பார்க்கும் தாதிமார்க்கும் சேர்த்தே எழுதப்பட்டது என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். 1907-இல் நியூசிலாந்தில் டுரூபி கிங் தொடங்கிய சங்கம், கடிகாரம் பார்த்துப் பாலூட்டு, இரவில் ஊட்டாதே என்று கற்பித்தது. 1928-இல் வாட்சன் என்னும் அமெரிக்க உளநூலார் இன்னும் ஒருபடி மேலே போய், குழந்தையைக் கட்டியணைப்பதே தீங்கு என்றார்! இவ்வளவு கண்டிப்பும் தனி அறையும் தனிக் கட்டிலும் உள்ள வீடுகளுக்கே பொருந்தும். ஒரே அறையில் எழுவர் படுக்கும் லயத்தில் எந்தக் கதவைச் சாத்துவது?

ஏழைத் தாய்மார்க்குக் கிடைத்த போதனாசிரியர் வேறு. இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் அபினி கலந்த 'காட்பிரே' மருந்து குழந்தைகளை உறங்கவைத்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளுக்குப் போன பெண்கள் கைக்குழந்தைக்கு அபினி உருண்டை கொடுத்துவிட்டுச் சென்றதை, 1931-இல் வெளிவந்த இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச விசாரணைக் குழுவின் அறிக்கை எடுத்துக் கூறுகிறது. அத்தாய்மாரைப் பழித்துப் பயன் என்ன? சங்கு ஊதியபின் ஆலைக் கதவு அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

மலாயாவுக்கு வருவோம். செபராங் பிறையில் முதலில் கரும்பு, பின்னர் ரப்பர். இரண்டிலும் நம் பெண்கள் ஆண்களோடு நின்றே உழைத்தனர். 1920-களின் இறுதியில் போக்குவரத்து எளிதான மாவட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என நிர்ணயிக்கப்பட்டது. அந்த 40 காசை விட்டால் அடுப்பு எரியாது. ரப்பர் மரமோ விடியுமுன் வெட்டினால்தான் நன்றாய்ப் பால் கொடுக்கும். வெயில் ஏறினால் ஒழுக்கு குறையும். ஆகவே தாயின் பால் வேண்டிய குழந்தைக்கும் மரத்தின் பால் வேண்டிய துரைக்கும் வைகறையிலேயே வழக்கு. யார் வென்றார் என்று சொல்லவும் வேண்டுமோ?

அவ்வழக்கில் பிறந்ததே ஆயாக் கொட்டகை. தோட்டங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடம் அமைப்பது பற்றி 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு பேசிற்று. எல்லாத் தோட்டத்திலும் நல்ல கொட்டகை அமைந்தது என்று நாம் சொல்லமாட்டோம். நம் அன்னையார் பால் வெட்டிய தோட்டத்தில், விட்டத்திலிருந்து பழஞ்சேலைகள் வரிசையாய்த் தொங்குமாம். மரத்துக்குப் போக வலுவற்ற கிழவி ஒருத்தி ஆயா. தூளிகளை ஒரு கயிற்றிற் பிணைத்து இழுப்பாள். அவள் ஓய்ந்தால் தூளிகளும் ஓயும். அழுது, விரல் சூப்பி, குழந்தைகள் தாமே உறங்கும். மேனாட்டு மருத்துவர் நூல் எழுதிக் கற்பித்ததை, நம் பிள்ளைகள் நூலின்றியே கற்றனர், கற்பித்தது வறுமை.

இன்றைய ஆராய்ச்சி பழைய கண்டிப்பாளரைவிட நிதானமானது. மெல்பர்னில் பெற்றோர்க்குப் படிப்படியாகப் பழக்கும் முறையைக் கற்பித்து, 326 குழந்தைகளை ஆறு வயதுவரை கவனித்தனர். அம்முறையால் கேடும் இல்லை, நீடித்த நன்மையும் இல்லை என்பது 2012-இல் வெளிவந்த முடிவு. பிறந்த சில திங்களே ஆன குழவிக்கு இப்பயிற்சி ஆகாது. அதற்கு இரவிலும் பசிக்கும். 2010-இல் வெளியான பதினேழு நாட்டு ஆய்வில் மலேசியாவும் உண்டு. ஆசிய நாடுகளில் பெற்றோரோடு ஒரே அறையிலோ ஒரே படுக்கையிலோ துயிலும் குழந்தைகளே மிகுதி என்று அது காட்டிற்று.

நாமும் ஆங்கிலப் பள்ளியிற் படித்தவர்தாமே! எட்டுத் திங்கள் மகனுக்காக ஒரு நூல் வாங்கினோம். விடியுமுன் பாலத்தைக் கடந்து தோட்டத்து அலுவலகம் சேரவேண்டும், மனைவியாருக்கும் வேலை, இரவில் நான்குமுறை எழுந்து ஆட்ட உடல் இடங்கொடுக்கவில்லை. முதல் இரவு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றோம். இருபது நிமிடம் அழுகை. கூடத்திற் படுத்திருந்த அன்னையார் எழுந்து வந்தார். கோபிப்பார் என்று அஞ்சினோம். அவர் சொன்னது இதுதான்: "உனக்கு யார் தம்பி புத்தகம் வாசித்தார்கள்? நீயும் இப்படி அழுதுதான் தூங்கியிருப்பாய். எனக்குக் கேட்காது, நான் மரத்தடியில் நின்றேன்."

பிறகு கதவைத் திறந்து அவரே உள்ளே போனார். குழந்தையைத் தூக்கவில்லை. கட்டிலருகே தரையில் அமர்ந்து கையை மட்டும் அதன் வயிற்றின்மேல் வைத்திருந்தார். மறுநாள் முதல் நாமும் அவ்வாறே அமர்கிறோம். இப்பொழுது பத்து நிமிடம் போதுகிறது. காய்ச்சல் கண்ட இரவுகளில் மட்டும் பழைய சேலையை எடுத்து வளையத்தில் மாட்டுகிறோம்.