இடக்கை ஒன்றே மிஞ்சியது



போரில் கையோ காலோ இழந்த ஒருவரை உறவிலாவது அயலிலாவது அறியாதவர்கள் எங்களில் குறைவு. காயப்பட்ட நாளைப் பற்றி நிறையக் கதைக்கிறோம். அதற்குப் பிறகு அவர் முப்பது, நாற்பது வருடம் என்ன செய்து வாழ்ந்தார் என்று கேட்பது அரிது. அதனால் இம்மாதப் பேச்சுக்கு, ஒஸ்திரியாவின் பியானோக் கலைஞர் போல் விட்கென்ஸ்டைனை எடுத்துக்கொண்டேன். தத்துவஞானி லுட்விக்கின் தமையன் இவர்.

1887இல் வியன்னாவில் பிறந்தார். தகப்பனார் உருக்குத் தொழிலில் பெரும் செல்வந்தர். இசைமேதை பிராம்ஸ் வந்துபோன வீடு அது. 1913 டிசெம்பரில் அரங்கேற்றம் நடந்தது. எட்டு மாதம் கழிய முதலாம் உலகப் போர். 1914 ஓகஸ்டில், இன்றைய போலந்தில், வலது முழங்கையில் சூடுபட்டுக் கையை அகற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கள வைத்தியசாலையை ரஷ்யப் படை பிடித்துக்கொள்ள, நோயாளியாகக் கிடந்தவர் கைதியுமானார். சைபீரியாவின் ஓம்ஸ்க் நகருக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ஒரு வெறும் மரப்பெட்டியில் கரியால் பியானோக் கட்டைகளை வரைந்து, மிஞ்சிய இடக்கை விரல்களால் மணிக்கணக்காகத் தட்டிக்கொண்டிருந்தாராம். சத்தமே வராத பியானோ. மற்றக் கைதிகள் என்ன நினைத்திருப்பார்களோ! வியன்னாவிலிருந்த தன் குரு ஜோசப் லாபருக்கு, இடக்கைக்கு மட்டும் ஓர் இசை எழுதித் தரும்படி கடிதம் போட்டார். கண்பார்வையற்ற அந்தக் குரு, கேட்கு முன்பே எழுதத் தொடங்கியிருந்தார்.

1915இன் கடைசியில் கைதிகள் பரிமாற்றத்தில் வீடு திரும்பினார். 1916இல் குருவின் இசையோடு மேடை ஏறினார். அத்தோடு நில்லாமல் மறுபடி படைக்கும் போய், 1918 வரை சேவையில் இருந்தார்.

ஒரு கையால் எப்படி இரண்டு கையின் இசை வரும்? பெருவிரல் மெட்டைப் பிடிக்கும். மற்ற விரல்கள் அடித்தளச் சுரத்தைத் தட்டிவிட்டு நடுப்பகுதிக்குப் பாயும். காலால் மிதிக்கும் பெடல், விட்டுவந்த சுரத்தை ஒலிக்க வைத்துக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக் கேட்டால் ஒருவர் அல்ல, இருவர் வாசிப்பதாகவே தோன்றும்.

தகப்பனாரின் சொத்தைக் கொண்டு அக்காலத்துப் பெரிய இசையமைப்பாளர்களிடம் இடக்கை இசைகளைப் பணம் கொடுத்து எழுதுவித்தார். ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸ், ஹின்டெமித், புரொக்கோபியெவ், பிரிட்டன் என்று வரிசை நீளும். ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் அல்ல. புரொக்கோபியெவின் படைப்பு விளங்கவில்லை என்று வாசிக்காமலே விட்டார். ஹின்டெமித்தின் 1923ஆம் ஆண்டுப் படைப்பைப் பெட்டியில் பூட்டினார். 2004இல்தான் அது மேடை கண்டது. ரவெல் எழுதிய இடக்கைக் கொன்சேர்ட்டோவை 1932 ஜனவரியில் வியன்னாவில் வாசித்தபோது தன் விருப்பப்படி மாற்றங்கள் செய்ய, ரவெலுக்குக் கோபம் வந்தது. அந்த ரவெல், அதே போரில் எதிர்த்தரப்பான பிரெஞ்சுப் படையில் லொறி ஓட்டியவர்.

1938இல் ஹிட்லர் ஒஸ்திரியாவைப் பிடித்தார். கிறிஸ்தவராகவே வளர்ந்தவர் போல். ஆனால் பாட்டன் பாட்டிமார் நால்வரில் மூவர் யூதர்களாகப் பிறந்தவர்கள் என்று கணக்குப் பார்க்கப்பட்டது. நாட்டுக்காகக் கை கொடுத்தவருக்கு மேடையும் இல்லை, கற்பிக்கும் வேலையும் இல்லை. சுவிற்சர்லாந்து வழியாக அமெரிக்கா போனார். வியன்னாவில் தங்கிய சகோதரிகளைக் காப்பாற்றக் குடும்பம் நாசி அரசுக்குக் கொடுத்த தங்கம் ஏறக்குறைய 1,700 கிலோ. முப்பது வருடமாக ஐந்தொகை பார்ப்பவன் நான். இப்படியொரு செலவை எந்தத் தலைப்பில் பதிவது? அந்தப் பேரத்தில் உடன்பிறப்புகளுக்குள் வந்த கசப்பு கடைசிவரை தீரவில்லை.

1950இல் நடந்த ஒன்றுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் வலக்கையை இழந்த சீக்பிரிட் ராப் என்ற ஜேர்மன் பியானோக் கலைஞர், அந்த இசைகளைத் தனக்கும் தரும்படி கேட்டார். போல் மறுத்தார். தான் கட்டிய வீட்டில் வேறொருவர் குடியிருப்பதா என்பது அவர் நியாயம். காசு கொடுத்து வாங்கிய உரிமை, ஒப்பந்தப்படி சரிதான். ஆனாலும் என் மனம் ராப் பக்கமே நிற்கிறது. கையில்லாமல் வெறும் பெட்டியில் தட்டியவருக்கு அந்த ஏக்கம் தெரியாதா?

ராப் சோர்ந்துவிடவில்லை. போல் வாசிக்காமல் ஒதுக்கிய புரொக்கோபியெவின் நான்காவது கொன்சேர்ட்டோவை, இசையமைப்பாளர் இறந்தபின் அவர் மனைவியிடம் பெற்று, 1956இல் பெர்லினில் முதன்முதலாக வாசித்தார். போல் அப்போது நியூயோர்க்கில் மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார். 1961 மார்ச்சில் காலமானார்.

இம்மாத இசை நேரத்தில் ரவெலின் கொன்சேர்ட்டோவை முழுமையாக ஒலிபரப்புகிறோம். இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தொடக்கம் மிகத் தாழ்ந்த சுரங்களில், கேட்டும் கேளாமலும் வரும். வானொலி பழுதென்று நினைத்து நிலையத்துக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம். சற்றுப் பொறுங்கள், பியானோ வரும்.