இல்மும் அமலும் இணைந்த ஒரு கல்லூரி

ஹிஜ்ரி 602இல், அதாவது கி.பி. 1206இல், தியார்பக்கர் அரசவையில் பணிபுரிந்த அல் ஜஸரீ என்னும் பொறிவல்லார் ஓர் அரபு நூலை எழுதி முடித்தார். நீர் இறைக்கும் பொறிகளையும் கடிகாரங்களையும் செய்முறையோடு விளக்கும் அந்நூலின் பெயரிலேயே, இல்மையும் பயன்தரும் அமலையும், அஃதாவது அறிவையும் செயலையும், ஒன்றுசேர்த்தல் என்னும் கருத்து அமைந்துள்ளது. மதரஸாவில் அரபு இலக்கணத்தை ஆண்டுக்கணக்கில் ஓதிக்கொடுக்கும் நாம், இப்பெயரைப் பதம் பிரித்துப் பொருள் சொல்வதோடு நின்றுவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அச்சேர்க்கை நம் தமிழகத்தில் கல்லூரி உருவில் எழுந்த ஓரிடம், தாம்பரத்துக்கு அருகேயுள்ள குரோம்பேட்டை. குரோம் முறையில் தோல் பதனிட 1912இல் தோன்றிய ஆலையே அவ்வூருக்குப் பெயர் தந்தது. தோல் வாணிபம் நம் மக்களுக்குப் புதியதன்று. 1949இல் தொழிலதிபர் சி. ராஜம் அங்கே 'மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆப் டெக்னாலஜி'யைத் தொடங்கினார். தம் மாளிகையை விற்ற பணத்தை அதற்கு முதலாக்கினார். கட்டடம், இயந்திரம், மின்சாரம் என்றே பொறியியற் கல்லூரிகள் பெரும்பாலும் கற்பித்துவந்த நாளில், வானூர்தி, மோட்டார் வண்டி, மின்னணுவியல், அளவைக் கருவிகள் ஆகியவை அங்கே பாடங்களாயின. விடுதலை பெற்று ஈராண்டே ஆன நாட்டில் இத்தொழில்கள் இன்னும் வேரூன்றவில்லை. ஆலை வந்தபின் ஆளைத் தேடுவதினும், ஆளை ஆக்கி வைத்தால் ஆலை வரும் என்று அவர் கருதினார் போலும். அறிவியல் பட்டம் பெற்றோரைச் சேர்த்து மூன்றாண்டு பயிற்றுவது அக்கால முறை.

1950களின் நடுவில் இராமேசுவரத்து இளைஞர் ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்தது. பின்னாளில், 2002 முதல் 2007 வரை, குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம் அவர்களே அவர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, வேறு உயர்கல்வி உண்டென்பதே தமக்குத் தெரியாதிருந்தது என்று அவர் எழுதியுள்ளார். இக்குறை அவருடையதன்று, வழி சொல்ல ஆளில்லாத நம் வீடுகளின் குறை. சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. தந்தையிடம் அத்தொகை இல்லை. தமக்கை ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தாமே ஈட்டிய பணத்தால்தான் அவற்றை மீட்பதென்று தம்பி உறுதி கொண்டார். பெண்மக்களின் நகை திருமணத்துக்கும் நோய்க்கும் அடகுக்கடை செல்லக் கண்டிருக்கிறோம். கல்விக்காகச் சென்ற நகை இது.

அங்கே காட்சிக்கு நிறுத்தியிருந்த, பணி ஓய்ந்த இரு விமானங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை நண்பர் நால்வருடன் வடிவமைக்கும் வேலை அவருக்கு வாய்த்தது. பணி மந்தமாயிருக்கக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாளில் முடியாவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். இரவுணவை விட்டு வரைபலகையின்முன் அமர்ந்து வேலையை முடித்தார் கலாம். கழகத்தின் தமிழ்ச் சங்கம் நடத்திய போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வது பற்றித் தமிழிலேயே கட்டுரை எழுதி, ஆனந்த விகடன் தேவனிடம் முதற்பரிசு பெற்றதும் அங்கேதான். தமிழில் இவையெல்லாம் எழுத வருமா என்று இன்றும் கேட்போர்க்கு இதைச் சொல்லலாம்.

1978இல் அக்கழகம் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதே இருப்புப்பாதையில் தாம்பரத்தைக் கடந்து வரும் வண்டலூரில், 1984இல் கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் கிரசெண்ட் பொறியியற் கல்லூரியை நிறுவினார். இன்று அது பல்கலைக்கழகத் தகுதி பெற்றுள்ளது. அதே வண்டலூரில் புகாரி ஆலிம் அரபுக் கல்லூரியும் இருக்கிறது. அல் ஜஸரீயின் நூலை அரபு மூலத்தில் படிக்கத்தக்கோர் ஒரு கல்லூரியில். அதிலுள்ள பொறியைச் செய்து பார்க்கத்தக்கோர் மற்றொன்றில்.